கெண்டைக்கால் பெருத்த சிறுவன்: டிஸ்ட்ரோஃபின் என்ற தசைப் புரதத்தின் குறைபாடு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

(பெற்றோரின் ஒப்புதலுடன் எழுதப்பட்டது. குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. எழுதுபவர் வடசென்னையில் குழந்தைகளுக்கான பிசியோதெரபி மையம் நடத்துபவர்.)

பின்னணி

வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கும் குடும்பம். லிஃப்ட் கிடையாது. அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுக வாசலில் லாரி வரிசை நீண்டுவிட்டால் அவர் வீடு திரும்ப இரண்டு நாள்கூட ஆகும். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். தாத்தா துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாலிபத்தில் ஏரியா டீமில் கால்பந்து ஆடியவர்.

சிறுவனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறான். சுகப்பிரசவம், நல்ல எடை. ஒன்றரை வயது தாண்டித்தான் நடந்தான். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் நடக்கும்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால் யாரும் கவலைப்படவில்லை. ஓடும்போது இடுப்பு ஆடும். இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வராது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவான். பள்ளியில் அடிக்கடி விழுகிறான், பாதம் தட்டையாக இருக்குமோ என்று டீச்சர் சொன்னதன் பேரில், ஷூ எழுதி வாங்கத்தான் எங்கள் மையத்துக்கு வந்தார்கள்.

தாத்தாவுக்கு மட்டும் பேரன் மேல் தனி நம்பிக்கை இருந்தது. பையனின் டவுசரை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் காட்டினார். "பாருங்க மேடம், இந்த வயசுலயே எவ்ளோ பெரிய கெண்டக்காலு. பந்து ஆடுறவன் காலு இது." கெண்டைக்கால் உண்மையிலேயே பெரிதாக, தொட்டால் ரப்பர் போல இறுக்கமாக இருந்தது. தொடையோ அதற்குப் பொருத்தமில்லாமல் மெலிந்திருந்தது.

அதற்கு முன் நடந்தவை

ஏழு மாதங்களுக்கு முன் காய்ச்சல் வந்தபோது ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். கல்லீரலுக்காகப் பார்க்கும் இரண்டு நொதிகளில் எஸ்.ஜி.ஓ.டி. 268, எஸ்.ஜி.பி.டி. 341. இரண்டும் நாற்பதுக்குள் இருக்க வேண்டியவை. பிலிருபின் 0.5, அதாவது காமாலை இல்லை. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ். ஸ்கேனில் கல்லீரல் சாதாரணமாகவே இருந்தது. இரண்டு மாத இடைவெளிகளில் மறுபடியும் பார்த்ததில் எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கினவே தவிர, சாதாரண அளவுக்கு வரவே இல்லை.

வீட்டில் இதற்குள் பத்தியம் தொடங்கிவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் மோரில் அரைத்த கீழாநெல்லி. எண்ணெய், முட்டை, மீன் எல்லாம் நிறுத்தம். காசிமேட்டு மீன் தினமும் வீட்டு வாசலுக்கு வருகிற தெருவில், வளர்கிற பிள்ளைக்கு அரை ஆண்டாக இட்லியும் ரசம் சாதமும்தான். கடைசியாக, கல்லீரலில் ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பயந்து குடும்பம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது.

அந்த மருத்துவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் லேப் தாளில் இந்த இரண்டு எண்களும் 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்ற தலைப்பின் கீழேதான் அச்சாகி வருகின்றன. படிக்கிற கண் கல்லீரலைத் தவிர வேறெங்கும் போகாதபடி தலைப்பே வழியை அடைத்துவிடுகிறது. இந்த நொதிகள் தசையிலும் நிறைய உண்டு. தசை நார் உடைந்தாலும் இதே எண்கள்தான் ஏறும். அந்தத் தாள்களில் ஒன்றில் ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதி 13 என்றும் இருந்தது. ஜி.ஜி.டி. தசை சேதத்தில் ஏறாது. மற்ற இரண்டும் பல மடங்கு ஏறியிருக்க இது மட்டும் அசையாமல் இருந்தால் தசைப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மையத்தில் கவனித்தது

பாதத்தைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையைத் தரையில் விளையாட விடுவது எங்கள் வழக்கம். கேரம் போர்டைத் தரையில் போட்டோம். சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆர்வமாக ஆடினான், கையில் குறையொன்றும் தெரியவில்லை. ஸ்ட்ரைக்கர் எகிறி அலமாரிப் பக்கம் உருண்டது. அதை எடுக்க எழுந்தான்.

எழுந்த விதம் இது. முதலில் பக்கவாட்டில் புரண்டு, கையும் காலும் ஊன்றித் தவழும் நிலைக்கு வந்தான். முழங்கால்களை நீட்டிப் புட்டத்தை மேலே தூக்கினான். கைகளை ஒவ்வொன்றாகப் பாதத்தை நோக்கி இழுத்துக்கொண்டான். ஒரு கையை முழங்காலில் வைத்தான். மற்றதைத் தொடையில் வைத்து அழுத்தி, உடம்பைத் தள்ளித் தள்ளி நிமிர்ந்தான். நிமிர்ந்ததும் வயிறு முன்னே தள்ளி, இடுப்பு உள்வளைந்து, குதிகால் தரையில் சரியாகப் படாமல் நின்றான். ஐந்து விநாடிக்குச் சற்று மேல் ஆனது. அந்த வயதில் மற்றப் பிள்ளைகள் கை ஊன்றாமல் துள்ளி எழுவார்கள்.

"அவன் எப்பவும் அப்படித்தான் எந்திரிப்பான் மேடம். சோம்பேறித்தனம்னு நெனச்சோம்" என்றார் அம்மா.

1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் விவரித்த அறிகுறி இது, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இடுப்பையும் முழங்காலையும் நிமிர்த்தும் பெரிய தசைகள் தளர்ந்தால், அந்த வேலையைக் கைகள் செய்கின்றன. கவர்ஸ் அறிகுறி ஒரே ஒரு நோயைச் சுட்டுவதில்லை, இடுப்புத் தசை தளர்கிற எந்த நோயிலும் வரலாம். ஆனால் ஆண் குழந்தை, தாமதமான நடை, பெருத்த கெண்டைக்கால், ஏறிய எஸ்.ஜி.பி.டி. என்று எல்லாம் சேர்ந்தபோது சந்தேகம் டிஸ்ட்ரோஃபின் குறைபாட்டால் வரும் தசைச்சிதைவு நோய் என்ற ஒரே இடத்தில் போய் நின்றது.

முதல் முடிவு: ஷூ எழுதவில்லை

நோய்ப் பெயரைச் சொல்வதோ ரத்தப் பரிசோதனை எழுதுவதோ எங்கள் வேலை இல்லை. எனவே குழந்தை மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். கவனித்ததை அப்படியே குறிப்பிட்டு, தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.பி.கே. என்ற நொதியைப் பார்க்கும்படியும் அந்த முடிவு வரும்வரை கல்லீரலில் துணுக்கு எடுக்கும் பயாப்சியை நிறுத்தி வைக்கும்படியும் கேட்டோம். பயாப்சி பற்றி எழுதக் காரணம் இருந்தது. டிஸ்ட்ரோஃபின் குறைபாடுள்ள குழந்தைக்குச் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்ப்பு மருந்தைக் கொடுத்தால், தசை உடைந்து பொட்டாசியம் ரத்தத்தில் பாய்ந்து இதயம் நின்றுவிடக்கூடும். சில மயக்க வாயுக்களையும் தவிர்க்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவருக்கு நோய் முன்கூட்டியே தெரிந்திருப்பது அவசியம்.

பெற்றோரிடம் "தசையில் ஒரு பிரச்சினை இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுப் பேசலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

சி.பி.கே. 18,600 வந்தது. சாதாரணமாக இருநூறைத் தாண்டக்கூடாது. கல்லீரல் நோயில் இந்த எண் ஏறாது.

தசைக்குள் நடப்பது

தசை சுருங்குகிறது என்றால் உள்ளே இருக்கும் இழைகள் குட்டையாகின்றன என்றுதான் எல்லோரும் நினைப்போம். இழைகள் எதுவும் குட்டையாவதில்லை. மயோசின் என்ற தடித்த இழையும் ஆக்டின் என்ற மெல்லிய இழையும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்குகின்றன, அவ்வளவுதான். 1954இல் ஒரே அறிவியல் இதழில், அடுத்தடுத்த பக்கங்களில், இரண்டு குழுக்கள் இதை வெளியிட்டன. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும், மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இருந்தார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு கிடையாது. மாணவர்கள் பரீட்சையில் இவர்களைக் குழப்பிக்கொள்வது இன்றும் நடக்கிறது.

நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் தசை செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியம் வெளிவருகிறது. அது ட்ரோபோனின் என்ற புரதத்துடன் சேர, ஆக்டினை மூடியிருந்த ட்ரோபோமயோசின் என்ற இன்னொரு புரதம் சற்று நகர்ந்து இடம்விடுகிறது. மயோசினின் தலைப்பகுதி அந்த இடத்தில் பற்றி, 10 நானோமீட்டருக்கும் உட்பட்ட தூரம் இழுக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வந்து சேர்ந்தால்தான் பிடி விடும், அடுத்த இழுப்புக்குத் தயாராகும். டைட்டின் என்ற மிகப் பெரிய புரதம் மயோசின் இழையை நடுவில் நிறுத்தி வைக்கிறது, தசை நீளும்போது மீண்டும் இழுத்துக்கொள்கிறது. இந்தச் சிறுவனிடம் இவை அத்தனையும் சரியாகவே இருந்தன. இழுக்கும் இயந்திரத்தில் கோளாறு எதுவும் கிடையாது.

உள்ளே பிறக்கும் விசை செல்லின் சவ்வைக் கடந்து வெளியே இருக்கும் நார்த்திசுவைச் சேர வேண்டும். அங்கேதான் டிஸ்ட்ரோஃபின் வருகிறது. அதன் ஒரு முனை உள்ளே ஆக்டினைப் பிடித்திருக்கும். நடுவில் திரும்பத் திரும்ப வரும் 24 பகுதிகள் கொண்ட நீண்ட, வளையக்கூடிய தண்டு. மறுமுனை சவ்வில் பதிந்த டிஸ்ட்ரோகிளைக்கான் என்ற புரதத்தைப் பிடிக்க, அது செல்லுக்கு வெளியே லாமினின் என்ற புரதத்துடன் இணைகிறது. தசையின் மொத்தப் புரதத்தில் டிஸ்ட்ரோஃபின் சுமார் 0.002 சதவீதம்தான். 1987இல் லூயிஸ் குங்கெலின் ஆய்வுக் குழு இதை அடையாளம் காணும்வரை இப்படி ஒரு புரதம் இருப்பதே தெரியாது.

தாத்தாவுக்கு இதை விளக்க அவர் தொழிலே கைகொடுத்தது. கப்பலைத் துறையோடு கட்டும் வடம் அலைக்கேற்ப இழுபட்டும் தளர்ந்தும் கொடுக்கும். அது இல்லையென்றால் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு அலைக்கும் கப்பலின் பக்கம் சுவரில் மோதும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ ஒரு அலைக்கு ஒண்ணும் ஆவாது. தொடர்ந்து அடிச்சா தகடு போயிரும்" என்றார். நோயின் போக்கே அதுதான். ஒவ்வொரு அசைவிலும் சவ்வில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே நுழைந்து, புரதங்களை வெட்டும் நொதிகளைத் தூண்டுகிறது. நார் மடிகிறது. அதிலிருந்து கசிபவைதான் சி.பி.கே.யும் அந்த 'கல்லீரல்' எண்களும். துணைச் செல்கள் புதிய நாரைக் கட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் சேதத்தின் வேகத்துக்கு அவை ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது, அந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் பிடிக்கின்றன. கெண்டைக்கால் பெருப்பதன் முக்கியக் காரணம் அது.

தோப்புக்கரணம்

தளர்ந்த பிள்ளைக்குத் தேவை பயிற்சி என்று நம்பித் தாத்தா ஒரு திட்டம் வைத்திருந்தார். தினமும் காலையில் ஐம்பது தோப்புக்கரணம், மாலையில் மூன்று மாடி இறங்கி ஏறுவது. பையன் அழுதாலும் விடமாட்டார். அன்பும் கண்டிப்பும் கலந்த பயிற்சி. நோய் தெரிந்த பிறகு நாங்கள் எடுத்த முடிவுகளில் உடனடியானது இதை நிறுத்தியதுதான்.

தசை சுருங்க முயலும்போதே பாரம் அதை நீட்டும் நிலை ஒன்று உண்டு. உட்காரும்போதும் படி இறங்கும்போதும் தொடையின் முன்தசை அதைத்தான் செய்கிறது, சுருங்கிக்கொண்டே நீள்கிறது. தசை தாங்கும் விசை அப்போதுதான் அதிகம், சவ்வின் மேல் விழும் இழுவையும் அப்போதுதான் அதிகம். நன்றாக இருக்கிறவர்களுக்கே பழக்கமில்லாமல் நூறு தோப்புக்கரணம் போட்டால் இரண்டு நாள் கழித்துப் படி இறங்க முடியாது. டிஸ்ட்ரோஃபின் இல்லாத தசைக்கு அந்தச் சேதம் பல மடங்கு. மாடி ஏறுவதைவிட இறங்குவது கெடுதல் என்றபோது தாத்தா நம்பவில்லை. ஏறும்போதுதானே மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், மூச்சு வாங்குவது ஏ.டி.பி. செலவின் கணக்கு. சவ்வு கிழிவது வேறு கணக்கு. கீழே இறங்கும்போது தூக்கிக்கொள்வது, ஏறும்போது முடிந்தவரை அவனே ஏறுவது என்று பேசி முடித்தோம்.

முழு ஓய்வும் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. நோயின் பெயரைக் கேட்டதும் அம்மா பையனைக் கீழேயே விடாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தார். அசையாத தசை இன்னும் சீக்கிரம் சுருங்கி இறுகும். மூன்று சக்கர சைக்கிள், சமதரையில் நடை, முடிந்தபோது நீச்சல் ஆகியவற்றைப் பரிந்துரைத்தோம். களைப்பு வந்ததும் நிறுத்த வேண்டும். மறுநாள் வலி இருந்தாலோ சிறுநீர் கருத்தாலோ அளவு மீறிவிட்டது என்று பொருள்.

மரபணு முடிவும் மருந்தும்

அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு, மரபணுவில் விடுபட்ட பகுதிகளைக் கண்டறியும் எம்.எல்.பி.ஏ. பரிசோதனைக்கு அனுப்பியது. தசைத் துணுக்கு எடுக்க வேண்டியிருக்கவில்லை. டிஸ்ட்ரோஃபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் 79 துண்டுகள் (எக்ஸான்கள்), மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட டி.என்.ஏ. எழுத்துகள். அதில் 48 முதல் 50 வரையிலான எக்ஸான்கள் இவனிடம் இல்லை. விடுபட்ட எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபடாததால் அதற்குப் பின் வரும் வாசிப்பு முழுவதும் குலைந்து, புரதம் பாதியில் நின்றுபோகிறது. மூன்றால் வகுபட்டிருந்தால் நடுத்தண்டு மட்டும் குறைந்து இரு முனைகளும் தப்பியிருக்கும். அது பெக்கர் என்ற மிதமான வகை. இவனுக்கு வந்தது டுஷேன் என்ற கடுமையான வகை. சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது.

நரம்பியல் மருத்துவர் டெஃப்ளசாகார்ட் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கினார். உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் தினமும். அதற்கு முன் அம்மைத் தடுப்பூசி உட்பட விடுபட்டவை அனைத்தும் போடப்பட்டன. ஸ்டீராய்டால் நோய் எதிர்ப்பு குறைந்த பிறகு சில தடுப்பூசிகளைப் போட முடியாது. நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டும் என்பதே இந்த மருந்தின் எதிர்பார்ப்பு. எடை கூடும், உயரம் குறையும், எலும்பு மெலியும், கண்ணில் புரை வரலாம். இவை அத்தனையும் முதல் நாளே எழுதிக் கொடுக்கப்பட்டன. "மாத்திரையை ஒருநாளும் திடீரென நிறுத்தக்கூடாது" என்ற வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னோம். கல்லீரல் பத்தியம் அன்றோடு முடிந்தது. மீனும் முட்டையும் திரும்பி வந்தன. இரவில் குதிகால் தசைநாண் இறுகாமலிருக்க ஸ்ப்லின்ட் என்ற தாங்கி பொருத்தினோம்.

அப்பாவின் வாட்ஸ்அப்பில் இதற்குள் இரண்டு விஷயங்கள் வந்து சேர்ந்திருந்தன. ஒன்று, கோடிக்கணக்கில் விலையுள்ள மரபணு ஊசி. அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்றது. டிஸ்ட்ரோஃபினின் முழுச் செய்தியைச் சுமக்க, மரபணுவை உடலுக்குள் கொண்டுசெல்லும் வைரஸின் ஓட்டில் இடம் போதாது என்பதால், முனைகளையும் தண்டின் சிறு பகுதியையும் மட்டும் கொண்ட குட்டை வடிவம் அதில் செல்கிறது. ஏற்கெனவே நடக்க இயலாத நிலையில் இருந்த சிறுவர்கள் இருவர் 2025இல் அந்த ஊசிக்குப் பின் கல்லீரல் செயலிழந்து இறந்ததையும் மருத்துவர் சொன்னார். மற்றது, ஸ்டெம் செல் சிகிச்சைக்குச் சில லட்சம் கேட்ட ஒரு கிளினிக்கின் விளம்பரம். இந்தியாவில் இந்த நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை, முறையான ஆய்வுக்கு வெளியே, அனுமதிக்கப்பட்டதல்ல. லாரியை விற்றாவது கட்டலாம் என்று அப்பா முடிவெடுத்திருந்தார். அதைத் தடுக்க நேரம் பிடித்தது. வெறுமனே கூடாது என்று சொன்னால் அவர் கேட்டிருக்க மாட்டார். அந்தப் பணத்துக்குத் தேவை எங்கே வரும் என்று சக்கர நாற்காலி, கீழ்த்தள வீடு, இரவு நேர மூச்சுக் கருவி என வருடவாரியாக எழுதிக் காட்டிய பிறகே விளம்பரத்தை அழித்தார்.

அம்மாவின் பரிசோதனை

மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இந்தக் குறை தாயிடமிருந்து வருகிறது, மீதி புதிதாக நேர்கிறது. அம்மாவுக்குப் பரிசோதிப்பதா என்பதில் மாமியார் வீட்டில் சண்டையே வந்தது. "அப்போ எல்லாம் என்னாலதானா மேடம்" என்று அம்மா கேட்டதற்கு ஆறுதல் மட்டும் போதாது. இரண்டு காரணங்களைச் சொன்னோம். அவருக்குத் திருமணமான தங்கை இருக்கிறார், குழந்தை பெற்றுக்கொள்ளும் முன் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, குறையைத் தாங்கிவரும் பெண்களின் இதயமும் பிற்காலத்தில் தளரக்கூடும், அதற்கு எக்கோ பார்த்துவர வேண்டும். அம்மாவுக்கு உறுதியானது, தங்கைக்கு இல்லை. அந்தச் செய்தி வந்த பிறகுதான் தங்கை அக்காவோடு மருத்துவமனைக்குக் கூட வரத் தொடங்கினார்.

ஓராண்டு கழித்து

தரையிலிருந்து எழ 5.3 விநாடி ஆனது, 4.7 விநாடியாகக் குறைந்திருக்கிறது. நடக்கும் குழந்தைகளுக்கான 34 மதிப்பெண் அளவுகோலில் 21 இருந்தது 24 ஆகியிருக்கிறது. விழுவது குறைந்திருக்கிறது. இதை மருந்துக்கு மட்டும் வரவு வைக்க முடியாது. இந்த நோயிலும் சுமார் ஏழு வயது வரை வளர்ச்சியின் வேகம் சேதத்தை முந்தி ஓடும், பிறகுதான் சரிவு தெரியும். எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது, முகம் உப்பியிருக்கிறது. கோபம் அதிகமாகியிருக்கிறது என்கிறார் அம்மா. எக்கோ இதுவரை சாதாரணம். எஸ்.ஜி.பி.டி. இன்னமும் முந்நூறுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்து இன்னொரு கிளினிக்கில் மறுபடி கல்லீரல் மாத்திரை எழுதினார்கள். அதன் பிறகு, நோயின் பெயரும் தவிர்க்க வேண்டிய மயக்க மருந்துகளும் எழுதிய அட்டை பையனின் பள்ளிப் பையிலும் அப்பாவின் பர்ஸிலும் இருக்கிறது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவு நோய் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அடையாள அட்டையும் மாநில அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் கிடைத்துவிட்டன.

நடைமுறையில் மாறியவை

எங்கள் மையத்தில் நடை தாமதம், அடிக்கடி விழுதல், நுனிக்காலில் நடத்தல் என்று எந்தக் காரணத்துக்காக வந்தாலும் தரையிலிருந்து எழுவதை அலைபேசியில் படமெடுத்து, கடிதத்துடன் மருத்துவருக்கு அனுப்புகிறோம். எழுத்தில் ஒரு பக்கம் விளக்குவதைவிடப் பத்து விநாடிப் படம் வேகமாகப் புரிகிறது. சுற்றுவட்டாரக் குழந்தை மருத்துவர்கள் சிலரிடம், காமாலை இல்லாமல் எஸ்.ஜி.பி.டி. மட்டும் ஏறியிருக்கும் ஆண் குழந்தைக்கு ஸ்கேனுக்கு முன் சி.பி.கே. எழுதும்படி கேட்டிருக்கிறோம். அதன் செலவு ஸ்கேனைவிடக் குறைவு. பள்ளிகளில் தோப்புக்கரணம் போட முடியாத பிள்ளையைத் தண்டிக்காமல் எங்களிடம் அனுப்பும்படி டீச்சர்களிடம் பேசினோம். இரண்டு பள்ளிகள் சரி என்றன, ஒன்றில் தலைமையாசிரியரைப் பார்க்கவே முடியவில்லை.

தாத்தா இப்போது பேரனைக் கூட்டிவந்து மைதானத்து ஓரத்தில் உட்கார வைத்து ஸ்கோர் எழுதச் சொல்லிக்கொடுக்கிறார். வீடு மாற்றம் இன்னும் நடக்கவில்லை. கீழ்த்தள வீட்டுக்கான மனு வாரிய அலுவலகத்தில் நிலுவையில் இருக்கிறது. சிறுவன் படிக்கும் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து எல்லா வகுப்புகளும் மாடியில். அவன் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றக் கேட்டு, மருத்துவச் சான்றுடன் இந்த ஆண்டே கடிதம் கொடுத்திருக்கிறோம்.